ம் கொட்டாதவர்

வன்னியில் சனங்கள் பேசுவதும் கேட்பதும் எவருடைய மேற்பார்வையும் இல்லாமல் நடந்துவருகிற விஷயம் மேலிடத்துக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. தெரிந்ததும் ஒரு நிலையம் அமைத்தார்கள். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு றோட்டால் சற்றுத் தூரம் போனால் அது வரும். "வடபிராந்திய மூளையலை மற்றும் பேச்சுணர்வு ஒருங்கிணைப்பு நிலையம்" என்ற பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்து வளவுக்குள் போய் நின்றன. வளவுக்காரர் ஆட்சேபித்தார். அவரை நிலையத்தின் ஆலோசனைச் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்சேபம் தீர்ந்தது.

பணிப்பாளர் கலாநிதி விஜிதரன். வெளிநாட்டில் பதினொரு வருடம் மனித மூளையை ஆராய்ந்தவர்; அதனால் மனிதரோடு பேச நேரம் கிடைக்காதவர். திறப்பு விழாவில் அவர் விளக்கியது இதுதான். ஒருவர் பேசும்போது சொற்கள் ஒரு தாளத்தில் வருகின்றன, செக்கனுக்கு நாலைந்து அசை. கேட்பவருடைய மூளையிலும் அலை ஓடுகிறது. சிலருடைய மூளையலை பேச்சின் தாளத்தோடு சேர்ந்து நடக்கும். சிலருடையது பின்னால் இழுபடும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். ஆகவே யார் எப்படிக் கேட்கிறார் என்பதை அளந்து, வகை பிரித்து, அட்டை கொடுத்தாக வேண்டும்.

"கேக்கிறவருக்கு விளங்கினதோ இல்லையோ எண்டது எங்கட துறை இல்லை," என்றார் கலாநிதி. "தாளம் சரியோ எண்டதுதான் எங்கட துறை."

சபை கை தட்டியது. கைதட்டலும் தாளத்தில் இருந்ததாக ஆண்டறிக்கை சொல்கிறது.

ஆராய்ச்சி முறை எளிமையானது. தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள். அதில் அறுபத்துநாலு வயர். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் பசை. காதில் ஒரு கருவி. அதற்குள் ஒரு குரல் நாற்பது நிமிடம் ஒரு கதை சொல்லும். அசையாமல் இருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் சனங்களின் தேங்காய் எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது என்பது முதல் நாள் தெரிந்தது. தலை முழுக வைத்து அதைச் சமாளித்தார்கள். இரண்டாம் நாள்தான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வந்த நாற்பத்தொரு பேரும் ம் கொட்டினார்கள்.

ஒருவர் கதை சொன்னால் கேட்பவர் இடையிடையே "ம்" சொல்ல வேண்டும் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். சொல்லாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார். நித்திரையோ, கோபமோ, நம்மை மதிக்கவில்லையோ என்று நினைப்பார். ஆனால் நிலையத்தில் ஒரு "ம்" வந்தால் தாடை அசையும், வயர் நடுங்கும், திரையில் மூளையலைக்கு நடுவே ஒரு மலை எழும்பும். அந்தப் பதிவு குப்பைக்குப் போகும்.

கனகராயன்குளத்திலிருந்து வந்த சுதர்சினி என்ற பெண்ணிடம் உதவி ஆராய்ச்சியாளர் பிரஷாந்தினி கெஞ்சிப் பார்த்தாள்.

"அக்கா, அது ரெக்கோடிங். நீங்கள் ம் சொல்லத் தேவையில்லை."

"ரெக்கோடிங் எண்டாலும் உள்ளுக்க ஒரு மனிசன்தானே பிள்ளை கதைக்கிறார்? நாற்பது நிமிசமா மூச்சு விடாமல் சொல்லுறார், நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தா குறை நினைக்கமாட்டாரோ?"

சுற்றுநிருபம் வந்தது. சுற்றுநிருபத்தில் "ம்" என்று எழுதினால் வாசிப்பவர் சொல்லிவிடக்கூடும் என்பதால் "மூடிய வாய் ஒலி" என்று எழுதினார்கள். மூடிய வாய் ஒலி தவிர்ப்புக் குழு ஒன்று உருவானது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து மூடிய வாய் ஒலி தவிர்ப்புச் செயலமர்வு நடத்தினார். மூன்று மணித்தியாலம் அவர் பேசியபோது சபையிலிருந்து ஒரு "ம்" கூட வரவில்லை. செயலமர்வு முழு வெற்றி என்று பதிவானது. அடுத்த நாள் காதுக் கருவியை மாட்டியதும் அதே ஆட்கள் மறுபடி ம் கொட்டத் தொடங்கினார்கள். அந்தக் குரலாவது கதை சொன்னது.

இப்படி இருக்கும்போதுதான் ஐயாத்துரை வந்தார்.

ஐயாத்துரைக்கு அறுபத்துநாலு வயது. முரசுமோட்டையில் வயல். கிராம அலுவலர் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தில் "தாங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்று இருந்தது. எதற்கு என்று இல்லை. வன்னியில் அரசாங்கக் கடிதம் வந்தால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவதுதான் பழக்கம். காணிப் பத்திரம், இடம்பெயர்ந்த பதிவு, மீளக்குடியேறிய பதிவு, மனைவியின் மரணச் சான்றிதழ், முன்பு இருந்த மாட்டின் தடுப்பூசி அட்டை எல்லாம் அடங்கிய பையோடு வந்து நின்றார்.

"இதொண்டும் தேவையில்லை ஐயா," என்றாள் பிரஷாந்தினி. "தலை மட்டும் போதும்."

தலையும் வசதியாக இருந்தது. வழுக்கை. எண்ணெய்ப் பிரச்சினை இல்லை. தொப்பியை மாட்டினார்கள், குரலை விட்டார்கள். பத்து நிமிடம் போனது. திரையில் மலை எழும்பவில்லை. இருபது நிமிடம் போனது. பிரஷாந்தினி எழுந்து போய் ஆளுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. முப்பதாவது நிமிடம் கணக்காளர், சாரதி, ஆலோசனைச் சபை வளவுக்காரர் எல்லாரும் கண்ணாடிக்கு வெளியே கூடிவிட்டார்கள். நாற்பது நிமிடமும் ஒரு "ம்" இல்லை. மூளையலை பேச்சோடு ஒட்டி, சவாரி மாடு இரண்டும் சேர்ந்து ஓடுவதுபோல ஓடியிருந்தது.

கலாநிதி ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மிஸ்டர் ஐயாத்துரை, வீட்டில உங்களோட கதைக்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை சேர். மனிசி செத்து நாலு வருசம்."

"அருமை! பிள்ளையள்?"

"மகள் ஒராள். கனடாவில."

"கதைக்கிறவவோ?"

"ஞாயிற்றுக்கிழமை எடுப்பா. மருந்து போட்டனீங்களோ எண்டு கேப்பா. போட்டனான் எண்டுவன். பிறகு வேலைக்கு நேரமாச்சு எண்டு வைச்சிடுவா."

"அக்கம்பக்கம்?"

"ரெண்டு பக்கமும் வீடு பூட்டு. வெளிநாட்டில நிக்கினம்."

"எழுதுங்கோ பிரஷாந்தினி," என்று கலாநிதி உணர்ச்சிவசப்பட்டார். "வட மாகாணத்திலயே இவ்வளவு சுத்தமான சூழல் கிடைக்காது."

உண்மை அதுதான். ஐயாத்துரை ம் கொட்டாதது ஒழுக்கத்தினால் அல்ல. தவமணி இருந்தபோது அவர் ஒரு நாளைக்கு இருநூறு "ம்" சொல்லியிருப்பார். தவமணி குசினிக்குள் நின்று ஊர்க்கதை சொல்வாள், இவர் வெளியில் மண்வெட்டிக்குப் பிடி போட்டபடி ம் கொட்டுவார். அவள் போன பிறகு அதைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு கொஞ்ச நாள் வானொலிக்குச் சொல்லிப் பார்த்தார். வானொலி அவர் சொன்னாலும் பேசியது, சொல்லாவிட்டாலும் பேசியது. விட்டுவிட்டார். நிலையத்துக்கு அவர் வந்ததும் கடிதத்துக்காக மட்டுமல்ல. அங்கே நாலு மனிதர் இருப்பார்கள், யாராவது இரண்டு வார்த்தை கதைப்பார்கள் என்ற ஆசை அவருக்கு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மனிதருக்குக் கதைக்க ஆள் வேண்டும்.

கிழமைக்கு மூன்று நாள் வரச் சொன்னார்கள். "மாதிரிக் கேட்போர்" என்று பதவியும் கொடுத்துக் கழுத்தில் அட்டை தொங்கவிட்டார்கள். பதவியோடு ஒரு விதியும் வந்தது. மாதிரிக் கேட்போருடைய காது கலங்கக்கூடாது என்பதால் ஊழியர்கள் அவரோடு ஐந்து வசனம் மட்டுமே பேசலாம். "வாங்கோ." "இருங்கோ." "அசையாதேங்கோ." "முடிஞ்சுது." "புதன்கிழமை வாங்கோ." பிரஷாந்தினி நல்ல பிள்ளை. ஒரு நாள் "மழை வரும்போல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது.

நாற்பது நிமிடம் ஒரு குரலைக் கேட்டுவிட்டு, ஐந்து வசனத்தோடு வெளியே வந்து, ஐயாத்துரை வாசலில் பஸ்ஸுக்கு நிற்பார். மனிதர் நிறைந்த கட்டடத்துக்குள் இருந்து வருகிறபோது தனிமை இன்னும் கூடத்தான் தெரிந்தது. அதை அளக்க அங்கே கருவி இல்லை.

வாசல் கொட்டிலில் இஸ்ஸதீன் இருந்தார். நிலையத்தின் காவலாளி. ஐம்பத்தெட்டு வயது, முல்லைத்தீவு ஆள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது வெளிக்கிட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். காவலாளி ஊழியர் பட்டியலில் இல்லை, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். அதனால் ஐந்து வசன விதி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"பஸ் வர நேரமிருக்கு அண்ணன், இதில குந்துங்களேன்," என்று கதிரையைத் தள்ளிவிட்டார். பிறகு கேட்காமலே தன் கதையைத் தொடங்கினார்.

"நாங்க வெளிக்கிட்ட அண்டைக்கு என்ன எடுக்கிறது, என்ன விடுறது எண்டு தெரியாது. பொஞ்சாதிக்கு ஒரு தையல் மெசின். அத வீட்டில விட்டா ஆரும் எடுத்திடுவினம் எண்டு அவ அழுகை. நான் என்ன செஞ்சன் தெரியுமா, அத சாக்கால சுத்தி, கயித்தில கட்டி, கிணத்துக்க இறக்கினன். ஒரு கிழமையில வந்து எடுக்கலாம் எண்டுதான்."

அங்கே நிறுத்திவிட்டு ஐயாத்துரையைப் பார்த்தார். ஐயாத்துரை அவரைப் பார்த்தார்.

"என்ன அண்ணன், கேக்கேல்லையா? மதிலோடயா நான் கதைக்கிறன்?"

ஐயாத்துரை வாயைத் திறக்காமல் எதையோ தேடினார். முதலில் தொண்டைச் சளிதான் வந்தது. பிறகு, நாலு வருடம் பாவிக்காமல் கிடந்ததில் கொஞ்சம் கரகரத்து, "ம்" என்றார்.

"ஆ, அப்பிடிச் சொல்லுங்க," என்று இஸ்ஸதீன் கதையைத் தொடர்ந்தார்.

அன்று பஸ் வந்தபோது ஐயாத்துரைக்கு அது பிந்தி வந்திருக்கலாம் என்று இருந்தது. அப்படி அவர் நினைத்தது பல வருடத்துக்குப் பிறகு. அடுத்தடுத்த நாட்களில் கதை புத்தளத்துக்குப் போனது, கிடுகுக் கொட்டிலில் பதினெட்டு வருடம் இருந்தது, மகள்மாரைக் கட்டிக் கொடுத்தது, றிஸ்மியா என்ற அந்தப் பொஞ்சாதி ஒவ்வொரு நோன்புக்கும் "மெசின் துருப் பிடிச்சிருக்குமோ" என்று கேட்டது, திரும்பி வர முதலே மவுத்தாகிப் போனது எல்லாம் வந்தன. ஐயாத்துரை வீட்டில் காலையில் எழும்பும்போதே அன்று இஸ்ஸதீன் எதில் தொடங்குவார் என்று யோசித்தார். சந்தோஷமாக இருந்தார். அதைச் சொல்வதற்கு வேறு சொல் தேடவேண்டியதில்லை.

கதை கிணற்றடிக்குத் திரும்பி வந்தது. கிணறு தூர்ந்துபோய் அதன் மேல் நாயுண்ணிப் பற்றை. "இந்த முறை லீவில போய்க் கிண்டப்போறன் அண்ணன். வந்து சொல்லுறன், இருங்க," என்று இஸ்ஸதீன் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினார்.

அதற்கு அடுத்த பதிவில்தான் அனர்த்தம் நடந்தது. காதுக் கருவிக் குரல் கதை சொல்லிக்கொண்டு போனது. பதினேழாவது நிமிடம் திரையில் ஒரு மலை எழும்பியது. மாதிரிக் கேட்போர் ம் கொட்டிவிட்டார்.

விசாரணைக் குழு அன்றே கூடியது. வாசலில் நின்ற சாரதி சாட்சி சொன்னார். கலாநிதி ஒரு வரைபடம் கீறினார். "இது சாதாரண மூடிய வாய் ஒலி இல்லை," என்றார். "இது தொற்றிப் பிடிச்சது. மூலம், காவலாளி."

ஐயாத்துரையை உள்ளே அழைத்தார்கள்.

"மிஸ்டர் ஐயாத்துரை, அந்த ஆள் உங்களோட கதைச்சவரோ?"

"கதைச்சவர் சேர். நல்ல மனிசன்."

"அதுதான் பிரச்சினை. வாற வெள்ளிக்கிழமை மேலிடத்திலயிருந்து பிரதம விருந்தினர் வாறார். உங்களை மேடையில வைச்சுத்தான் முழு நிலையத்தையும் காட்டப்போறம். இனி ஒரு ம் வந்தா, ஒப்பந்தக்காரருக்கு எழுதிக் காவலாளியை நிப்பாட்டவேண்டி வரும். நீங்கள் வராமல் விட்டாலும் காரணம் அவர்தான் எண்டு எழுதவேண்டி வரும். எனக்கு இதில தனிப்பட்ட விருப்பம் ஒண்டுமில்லை. நான் மனிசரில அக்கறை உள்ளவன்."

உறுதிமொழிப் பத்திரம் நீட்டினார்கள். பதின்மூன்று விதி. வாசலில் கதை கேட்கக்கூடாது என்று இல்லை. நிலையம் கேட்பதற்கு எதிரானது அல்ல. கேட்டால் மூடிய வாய் ஒலி எழுப்பக்கூடாது. தலையாட்டக்கூடாது. சிரிக்கக்கூடாது. எழுதிக் காட்டக்கூடாது. பதின்மூன்றாவது விதி, இந்தப் பதின்மூன்று விதிகளைப் பற்றி எவருக்கும் சொல்லக்கூடாது. மேற்பார்வைக்காக வாசல் கொட்டிலின் கூரையில் ஒரு கமராவும் ஒலிவாங்கியும் பூட்டினார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று ஐயாத்துரை கேட்டார். ஆராய்ச்சி முடியும் வரை என்றார்கள். ஆராய்ச்சி எப்போது முடியும் என்பதை ஆராயவேண்டும் என்றார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில், முல்லைத்தீவில் பாதி கட்டின வீட்டோடு இருக்கிற இஸ்ஸதீனுக்கு அடுத்த வேலை வானத்திலிருந்து விழாது என்பது ஐயாத்துரைக்குத் தெரியும். கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பந்தல் போட்டு, வாழை கட்டி, மாணவிகளின் வரவேற்பு நடனத்தோடு விழா நடந்தது. மேடை நடுவில் ஐயாத்துரை தொப்பியும் வயருமாக இருந்தார். பின்னால் பெரிய திரையில் அவருடைய மூளையலை ஓடியது.

பிரதம விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் இண்டைக்குப் பேச வரேல்லை. சனத்தின்ர குரலைக் கேக்கத்தான் வந்திருக்கிறன். ஆகவே எல்லாரும் அமைதியாக இருங்கோ," என்று தொடங்கி ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். திரையில் அலை அவருடைய ஒவ்வொரு அசையோடும் ஒட்டி ஓடியது. ஐயாத்துரைக்கு ம் வரவே இல்லை. அடக்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அவர் மனம் முழுக்க முல்லைத்தீவில் ஒரு கிணற்றடியில் நின்றது. எத்தனை முழம் தோண்டியிருப்பார்? சாக்கு உக்கியிருக்குமே?

"பாருங்கோ!" என்று கலாநிதி திரையைக் காட்டினார். "மறுமொழி இல்லை. கேள்வி இல்லை. ஒரு சத்தமில்லை. ஆனா தாளம் பூரணம். இவர்தான் பூரணமான கேட்போர்!"

பிரதம விருந்தினருக்குக் கண் கலங்கியது. "நான் எத்தினையோ மேடையில பேசியிருக்கிறன். இப்பிடி ஒருத்தர் என்னைக் கேட்டதில்லை. ஒவ்வொரு கிராமத்திலயும் இப்பிடி ஆக்களை நாங்கள் உருவாக்கவேணும்," என்று சொல்லி, வயர்களுக்கு மேலாலேயே பொன்னாடை போர்த்தினார்.

பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஐயாத்துரை வாசலுக்கு வந்தார். வேறு வழி கிடையாது, ஒரே வாசல்தான். இஸ்ஸதீன் அன்று காலையில்தான் லீவு முடிந்து வந்திருந்தார். இவரைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணன்! வாங்க, குந்துங்க. ஆருக்கும் இன்னும் சொல்லேல்ல. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். கிண்டினம் அண்ணன்."

நிறுத்தினார். காத்திருந்தார். கொட்டில் கூரையில் கமராவின் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. ஐயாத்துரை அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"மருமகனும் நானும்தான். ரெண்டு நாள். முதல்ல கல்லு, பிறகு சேறு. பின்னேரம் போலதான் மண்வெட்டியில இரும்பு தட்டிச்சு."

காத்திருந்தார். இந்த முறை கொஞ்சம் நீளமாக. ஐயாத்துரை இரண்டு உதட்டையும் பல்லுக்குள் கடித்துக்கொண்டார். தொண்டைக்குள் வந்து நின்றதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"மெசின்தான் அண்ணன். சாக்கெல்லாம் உக்கிப் போச்சு. மெசின் கிடக்கு. தூக்கி வெளியில எடுத்து, கழுவி, மரத்துக்குக் கீழ வைச்சன். வைச்சிட்டு நிமிந்தா..."

அவருடைய குரல் உடைந்தது. இப்போது அவர் காத்திருந்தது மரியாதைக்காக அல்ல. அந்த "ம்" இல்லாமல் மிச்சத்தைச் சொல்ல அவரால் முடியவில்லை. கையால் எதையோ பிடிக்கப் போகிறவர்போல ஐயாத்துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்கிறியளா அண்ணன்?"

ஐயாத்துரை நிலத்தைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

இஸ்ஸதீனின் கண் அந்தப் பொன்னாடையில் போய் நின்றது. பிறகு கழுத்து அட்டையில். தலையை ஒரு தரம் தனக்குத்தானே ஆட்டிக்கொண்டார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். கேற்றைத் திறந்துவிட்டு, நிலையத்துக்கு வருகிற பெரியவர்களுக்கு நிற்பதுபோல நேராக நின்றார்.

"பஸ் வருது. போயிட்டு வாங்க சேர்," என்றார்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பஸ் நிலையத்தைத் தாண்டி, வளவைத் தாண்டி, கமராவுக்கு எட்டாத தூரம் வந்த பிறகு ஐயாத்துரை கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்றார். கொஞ்சம் விட்டு, கல்லுக்கும் சேற்றுக்கும் இரும்பு தட்டியதற்கும் இன்னொரு "ம்" சொன்னார். பிறகு மெசினைக் கழுவி மரத்துக்குக் கீழே வைத்ததற்கு ஒன்று. கடைசி ஒன்றைச் சொல்லும்போது கண்ணால் நீர் வந்தது.

அந்தப் பெண் அவருடைய காதைப் பார்த்தாள். போனும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஆரோட ஐயா கதைக்கிறியள்?"

"கதைக்கேல்லைப் பிள்ளை," என்றார் ஐயாத்துரை. "கேட்டுக்கொண்டிருக்கிறன்."